எதிர் வீட்டுக்குப் போன தட்டு

வெற்றிலை, பாக்கு, பழம், பூ வைத்த தட்டை ஏந்திக்கொண்டு தெருவில் நடப்பவனிடம், எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பார்ப்பவர்களே தீர்மானித்துவிடுவார்கள். கையில் தட்டு, கூடவே நாலு பெரியவர்கள், உடம்பில் புதுச் சட்டை என்றால் அந்தத் தீர்மானத்துக்கு மேல்முறையீடு கிடையாது. நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியனாக இருக்கிறேன். உறுதி செய்யாத தகவலை அச்சேற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். திண்டிவனத்தில் ஒரு தெருவே அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை என்பது எனக்குப் பத்தொன்பது வயதில் தெரிந்தது. (நான் மட்டும் என்ன படித்திருந்தேன்? அதை விடுங்கள்.)

அந்தக் கோடையில் விழுப்புரத்தில் எங்கள் புது வீட்டு வேலை முடிந்து, வைகாசியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். பத்திரிகை அச்சாகி வந்தது. அதில் அப்பாவின் அண்ணன், அதாவது என் பெரியப்பாவின் பெயர், நல்ல தடித்த எழுத்தில் தனி வரியில் இருந்தது. அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமாவின் பெயர், பக்கத்தின் அடியில் ‘மற்றும் உற்றார் உறவினர்’ என்ற வரிக்குப் பக்கத்தில், அந்த வரியின் அளவிலேயே இருந்தது. இன்று பக்கம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரியப்பா முதல் பக்கத் தலைப்புச் செய்தி, மாமா வரி விளம்பரம்.

மாமா திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. கொட்டையைக் கையில் எடுத்த உடனே பருப்பு எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுகிற கண். பத்திரிகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

“மாப்ள, எம்பேரு படிக்கறதுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் சேத்து வச்சிருக்கலாமே?” என்றார்.

“பிரஸ்காரன் பண்ண வேல மச்சான் அது” என்றார் அப்பா.

“ஒங்க அண்ணன் யாரு, எந்தங்கச்சிக்கு அண்ணன் யாருன்னு பிரஸ்காரனுக்குத் தெரியுமா?”

பதில் இல்லாத இடத்தில் அப்பா வழக்கமாகக் குரலை உயர்த்துவார். உயர்த்தினார். மறுநாள் காலையில் அம்மா பெட்டியோடு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டாள். உறவினர்களுக்கு அப்பா வெளியிட்ட அதிகாரபூர்வ அறிவிப்பு: “லீவுல்ல, அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா.”

கிரகப்பிரவேசத்தில் ஹோமத்தின் முன்னால் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் உட்கார வேண்டும். புது அடுப்பில் பால் காய்ச்ச வேண்டியவள் வீட்டுக்காரி. சீர் கொண்டு வர வேண்டியவர் அவளுடைய அண்ணன். ஆக, அம்மா வராவிட்டால் வீடு பூட்டியே கிடக்கும். அப்பா போய்க் கூப்பிடுகிற ஆள் கிடையாது. கூப்பிடாமல் வருகிற ஆள் அம்மாவும் கிடையாது. கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, முகூர்த்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இதில் விசித்திரம், பேச்சுதான் நின்றதே தவிர குழம்பு நிற்கவில்லை. அப்பாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் காலையில் நான் காலி கேரியரோடு திண்டிவனம் போவேன். அம்மா சமைத்து அடுக்கிக் கொடுப்பாள். மத்தியானத்துக்குள் விழுப்புரம் திரும்பிவிடுவேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நிற்கும்போது ரசம் தளும்பாமல் தூக்கிப் பிடிக்கும் கலையை அந்த மாதத்தில் நான் முழுமையாகக் கற்றேன். “ஒங்கப்பாகிட்ட சொல்லு, கூட்டு சூடு பண்ணக் கூடாதுன்னு” என்பாள் அம்மா. “ஒங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குத் தெரியும்னு” என்பார் அப்பா. நான் தூதனாகவும் இருந்தேன், சுமைதூக்கியாகவும் இருந்தேன். இரண்டுக்கும் சம்பளம் இல்லை.

பவித்ரா எனக்குத் தெரியவந்தது இந்தக் கேரியரால்தான்.

மாமா வீட்டுக்கு நேர் எதிர் வீடு. அவளுடைய அப்பா கோழித்தீவனக் கடை வைத்திருந்தார். அவள் என் வயதுதான். கல்லூரி விடுமுறையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். நான் நிறைந்த கேரியரோடு புறப்படுகிற நேரமும் அவள் வகுப்புக்குப் புறப்படுகிற நேரமும் ஒன்று. (முதல் வாரம் தற்செயலாக ஒன்று. அதற்குப் பிறகு நான் மாமா வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து ஒன்றாக்கினேன்.) மேம்பாலம் வரை ஒரே வழி.

அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “இன்னிக்கு என்னா கொழம்பு?”

“வத்தக்கொழம்பு.”

“நேத்து?”

“நேத்தும் அதான்.”

“ம்.” கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டு நடந்தாள். “ஒங்க வீட்ல சண்டையா?”

“இல்லியே. எங்கம்மா லீவுக்கு வந்திருக்காங்க.”

“லீவுக்கு வந்தவங்க எதுக்குப் பஸ்ல கொழம்பு அனுப்பறாங்க? வத்தக்கொழம்புன்னா கோவம். ரெண்டு நாளு கெடாது பாரு, நாளைக்கும் ஒனக்குச் சமைக்க மாட்டேன்னு அர்த்தம். சாம்பார் வந்தா எறங்கி வர்றாங்க.”

“அப்ப முருங்கக்கா சாம்பார் வந்தா?”

“அது வரட்டும், அப்ப சொல்றேன்.”

அவளுக்கு எல்லாமே தெரிந்தாக வேண்டும். ஏன் கேட்கிறாய் என்றால் “சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்பாள். சுங்கச்சாவடியில் வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் மீந்த காயை என்ன செய்வார்கள், மாமாவுக்குக் கோபம் வந்தால் காது சிவப்பது எந்தப் பக்கம், அப்பா சாப்பிட்டுவிட்டு முகம் எப்படி வைத்துக்கொள்கிறார், எல்லாம் கேட்பாள். நான் பார்த்து வந்து சொல்வேன். பத்திரிகையில் மாமாவின் பெயர் சின்னதாகிப்போன கதையும் அப்படித்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்குச் செய்தியாளர்களிடம் “நேரில் பார்த்தீங்களா?” என்று நான் கேட்டு அறுக்கிறேன் என்றால் அந்தப் பழக்கம் அவளிடமிருந்து ஒட்டியது.

குழம்பைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறவள் உண்மையில் என்னைப் பற்றித்தான் விசாரிக்கிறாள் என்று நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஆதாரம் எதுவும் இல்லை. என்னைப் பற்றி அவள் நேரடியாகக் கேட்டது ஒன்றே ஒன்று: “ஏன் ஒரு தோள எறக்கிக்கினே நடக்கற?” (கேரியர் கனம்.) நான் பதிலுக்கு அவளிடம் கேட்கத் துணிந்தது, டைப்ரைட்டிங்கில் எந்த விரல் ரொம்ப வலிக்கும் என்பது. சுண்டுவிரல் என்றாள். அன்று முழுக்க என் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் ஒருநாள் முருங்கைக்காய் சாம்பார் வந்தது. மேம்பாலத்தின் கீழே மூடியைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தவள், “நெனச்சுக்கினு இருக்காங்க. ஜல்தியாப் போய்க் கூப்புடச் சொல்லு” என்றாள்.

சாப்பிடும்போது அப்பாவிடம், “அம்மா எறங்கி வர்ற மாதிரி தெரியுதுப்பா” என்றேன்.

“எத வச்சு சொல்ற?”

“முருங்கக்கா.”

அப்பா சாம்பாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்.

பெரியப்பா திட்டம் போடுவதில் மன்னர். “பத்திரிகைய மாத்தி அடிச்சுடுவோம்டா. தட்டு வச்சு, முறைப்படி போய் அவங்க அண்ணன் கையில குடுத்து அழைப்போம். அதுக்கு மேல என்னா பண்ணுவாங்க? நல்ல காரியம், ஒத்தப்படையாப் போவணும்” என்றார். அப்பா, பெரியப்பா, பெரியம்மா, அத்தை, தட்டு தூக்க நான். ஐந்து பேர். புதுப் பத்திரிகையில் மாமாவின் பெயர் உச்சியில் இருந்த பிள்ளையார் துணையைவிடப் பெரிதாக இருந்தது.

“வர்றோம்னு ஒரு போன் பண்ணிடலாமா?” என்று கேட்டேன்.

“போன் பண்ணா, வராதீங்கன்னு சொல்ல நாமளே வழி பண்ணிக் குடுத்த மாதிரி” என்றார் அப்பா. “இன்னொன்னு. அந்தத் தெருவுல எவன் கேட்டாலும் ஒங்கம்மா கோச்சிக்கினு வந்ததச் சொல்லாத. மானம் போயிடும்.”

இந்தக் கட்டளையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கோளாறே அதில்தான் வந்தது.

புறப்படுகிற அன்று நான் ரோஸ் நிறத்தில் ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். மடிப்புக் கோடுகூட அழியவில்லை. பெரியப்பாவின் சென்ட் பாட்டிலிலிருந்து தாராளமாக எடுத்துப் பூசிக்கொண்டேன். வேனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை விக்கிரவாண்டி வரை தும்மிக்கொண்டு வந்தாள். “அம்மாவக் கூப்புடப் போறதுக்கு எதுக்குடா இவ்ளோ?” என்றாள். அம்மா சந்தோஷப்படுவாள் என்றேன்.

மாமா வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “பிரம்மதேசம் கோயிலுக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க” என்றாள். சொல்லிவிட்டு, தட்டைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள், எங்களை எண்ணினாள்.

வேன்காரர் நிழல் தேடி முனைக்குப் போய்விட்டார். உச்சி வெயில். பெரியம்மாவுக்குக் கால் சுட்டது. தட்டில் இருந்த பூ வாடத் தொடங்கியிருந்தது. தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றிருக்கலாம். வேனிலேயே உட்கார்ந்திருக்கலாம். பக்கத்து வீட்டு நிழலில் ஒதுங்கியிருக்கலாம். இவ்வளவு வழிகளும் என் கண் முன்னால் இருந்தன.

“எதிர் வீட்ல உக்காரலாம்பா. நமக்குத் தெரிஞ்சவங்கதான்” என்றேன்.

“ஒனக்கு எப்டிடா தெரியும்?”

“மாமாவுக்குத் தெரிஞ்சவங்க.”

பவித்ராவின் அம்மா கதவைத் திறந்தார். மாமா வீட்டுக்கு வந்து போகிற பையன் என்ற அளவில் என்னைத் தெரியும். “வாங்க, வாங்க, உள்ள வாங்க” என்று பாய் விரித்து, மின்விசிறியைப் போட்டார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் தட்டோடு நின்றேன். முறைப்படி அழைக்கக் கொண்டு வந்த தட்டைத் தரையில் வைக்கக் கூடாது என்று வேனில் அத்தை எச்சரித்திருந்தாள்.

“ஏம்பா கையிலயே வச்சிக்கினு நிக்கற? குடு இங்க” என்றார் பவித்ராவின் அம்மா.

நீட்டிய கைக்குக் கொடுக்காமல் இருப்பது மரியாதை இல்லை. கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேராகப் பூஜை அலமாரிக்குப் போய் சாமி படத்தின் முன்னால் வைத்து, ஒரு விளக்கையும் ஏற்றிவிட்டார்.

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க மாட்டேன். ஒரு வீட்டில் சாமி முன்னால் வைத்து விளக்கேற்றிய தட்டைத் திருப்பிக் கேட்கும் முறை எங்கள் பக்கத்தில் இல்லை. அது உங்களுக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. பின்னே யாருக்கு, எதற்கு என்று கேட்பார்கள். கேட்டால் அம்மா கோபித்துக்கொண்டு வந்த கதையைச் சொல்ல வேண்டும். மானம்!

ஆகவே, ஐந்து பேரும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்களோ, சரியாக அப்படி.

உள்ளே இருந்து பவித்ரா நைட்டியில் எட்டிப் பார்த்தாள். அவளுடைய அம்மா பின்னாலேயே போனார். கொஞ்ச நேரத்தில் தலை வாரி, பொட்டு வைத்து, மஞ்சள் சுடிதாரில், ஆரஞ்சு ஜூஸ் டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு வந்தாள். அவள் முகத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. மேம்பாலத்தின் கீழே சாம்பாரை எட்டிப் பார்த்த அதே முகம். நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டும்தான். என்னிடம் வந்ததும் மெதுவாக, “என்னாது இது?” என்றாள். நான் ஜூஸ் குடித்தேன்.

இதற்குள் எங்கள் தரப்பிலேயே ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அதைத்தான் இன்று வரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. எதற்கு வந்தோம் என்று நன்றாகத் தெரிந்த பெரியம்மா, டம்ளரை எடுத்துக்கொண்டே, “என்னம்மா படிக்கற?” என்றாள். பிறகு, “சமையல் பழகிக்கிட்டியா?” பிறகு அத்தையின் காதில், ஊருக்கே கேட்கும்படி, “முடி நல்லா நீளம்.” பாய், ஜூஸ், தலை வாரிய பெண் என்று எல்லாம் சேர்ந்துவிட்டால் கேள்விகள் தாமாக வந்துவிடும்போல.

கடையிலிருந்து பவித்ராவின் அப்பா ஓடி வந்தார். யாரோ போன் செய்திருந்தார்கள். கையில் தீவனத் தூள் அப்படியே ஒட்டியிருந்தது. கும்பிட்டார், உள்ளே போனார், வெள்ளைச் சட்டையில் திரும்பி வந்தார்.

“எந்த ஊருப் பக்கம் நீங்க?” என்றார் பெரியப்பா. பெரியப்பாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று அப்போது புரிந்தது.

“கண்டாச்சிபுரம் பக்கம் சார்.”

“அப்டியா! திருவெண்ணெய்நல்லூர்ல எங்க சம்பந்தி இருக்காரு. நாலு பஸ் ஸ்டாப்பிங்தான்.”

“நெருங்கிட்டோம்” என்று பெரியப்பா முகத்தில் எழுதியிருந்தது. அப்பா மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பவித்ராவின் அப்பா தொண்டையைச் செருமினார். “தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வார்த்த முன்கூட்டி சொல்லியிருக்கலாம். தம்பி நல்ல பையன்தான், தெனமும் அம்மாவப் பாக்க வர்றாப்ல. ஆனா பாப்பா இன்னும் படிச்சிக்கினு இருக்கா. இப்ப அந்தப் பேச்சு எடுக்கற எண்ணமே இல்ல...”

அப்பா வாயைத் திறந்தார். எந்த உண்மையைச் சொன்னால் குறைந்த அவமானம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கணக்கு முடிவதற்குள் வாசலில் ஆட்டோ நின்ற சத்தம். பின்னாலேயே பக்கத்து வீட்டு அம்மாவின் குரல்.

“என்னாங்க இது, ஒங்க பையனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க, நீங்க பாட்டுக்குக் கோயிலுக்குப் போயிட்டீங்க?”

அம்மா உள்ளே வந்தாள். நெற்றியில் விபூதி. கையில் அர்ச்சனைக் கூடை. தன் கணவனை, கணவனின் குடும்பத்தை, சாமி முன்னால் தட்டை, மஞ்சள் சுடிதாரை, ரோஸ் சட்டையை வரிசையாகப் பார்த்தாள்.

“பெத்தவ நான் உயிரோட இருக்கும்போதே, என்ன ஒரு வார்த்த கேக்காம எம்புள்ளைக்குப் பொண்ணு பாக்கறீங்களா?”

“அடியே, அது இல்ல...”

“எது இல்ல? தட்டு இல்லியா? ஜூஸ் இல்லியா?”

வாசலில் மாமா. எந்தக் காது சிவக்கும் என்று பவித்ராவுக்கு அன்று விடை கிடைத்தது. இரண்டும். “தாய்மாமன் வீட்டுக்கு நேர் எதிர்ல, தாய்மாமன் இல்லாம பொண்ணு பாக்கறது! பேரு ஏன் சின்னதாப் போச்சுன்னு இப்பதான் மாப்ள புரியுது.”

“மச்சான், உங்க பேரு இப்ப பெருசு!” என்று அப்பா கத்தினார். சூழ்நிலை தெரியாதவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டிருக்கும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரியப்பா நியாயம் சொன்னார். அத்தை தும்மினாள். பவித்ராவின் அப்பா, “நாங்க ஒத்துக்கலீங்க, நாங்க ஒத்துக்கவே இல்லீங்க” என்று சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா அர்ச்சனைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். “நீங்களே பொண்ணு பாருங்க, நீங்களே வீடு குடி போங்க, பாலையும் நீங்களே காச்சிக்கோங்க. நான் வரல.” ஒரு மாதமாகக் குழம்பும் சாம்பாரும் சேர்ந்து கட்டியது என் கண்ணெதிரே இடிந்துகொண்டிருந்தது. நான் செய்திருக்க வேண்டியது உண்மையைச் சொல்வது. நான் செய்தது, காலி டம்ளரிலிருந்து இன்னும் ஜூஸ் குடிக்க முயன்றது.

பவித்ராதான் என் அம்மாவிடம் சொன்னாள். “அய்யோ, அவங்க யாரும் பொண்ணு பாக்க வரல. அத்த, அவங்க ஒங்களக் கூட்டிக்கினு போக வந்திருக்காங்க. ஒங்க வீடு பூட்டியிருந்துச்சு. தட்ட எங்கம்மா வாங்கி வச்சிட்டாங்க.”

நிலைமை தெளிந்தது என்று நான் மூச்சு விட்ட அதே நேரத்தில் அவளுடைய அம்மா கேட்டார்: “அதெல்லாம் ஒனக்கு எப்டிடி தெரியும்?”

“அவங்க வீட்ல சண்டையில்ல? பத்திரிகைல பேரு சின்னதாப் போட்டதுக்கு. போன வாரம் முருங்கக்கா சாம்பார் வந்துச்சே, அப்பவே எறங்கிட்டாங்க.”

இப்போது எல்லாத் தலைகளும் அவளை விட்டு என் பக்கம் திரும்பின. அம்மாவின் குரல் ஆபத்தான அளவுக்குத் தணிந்திருந்தது.

“பிரபு. நம்ம வீட்டு விஷயம் என்னடா சொல்லி வச்சிருக்க?”

“கொழம்பு பேரு மட்டும்தாம்மா சொன்னேன்.”

“தெனமுமா?”

“பஸ் ஸ்டாண்டு போற வழியில... கேரியர் கனம்மா...”

பவித்ராவின் அப்பா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தம்பி நல்ல பையன்” என்ற அறிக்கையை மனசுக்குள் திரும்பப் பெறுவது தெளிவாகத் தெரிந்தது. மானம் போகக் கூடாது என்று என் அப்பா சொல்லியிருந்தார். எங்கள் மானத்தோடு அவர்கள் மானத்தையும் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிட்டு நான் நின்றேன்.

“கொழம்ப வச்சு வீட்டு நெலம சொல்ற அளவுக்கு நான் என்னத்த அனுப்பிட்டேன்?” என்றாள் அம்மா பொதுவாக.

அப்பா பதில் சொன்னார். என்னைத் தூது விடாமல், அம்மாவின் முகத்தைப் பார்த்து, ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் நேரடியாகச் சொன்ன முதல் வாக்கியம்: “வத்தக்கொழம்புல உப்பு தூக்கலா இருந்துச்சு.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“உப்பா? எந்த வத்தக்கொழம்புல?”

“எல்லாத்துலயும்.”

“அப்ப ஏன் வழிச்சுத் தின்னுட்டுக் கழுவி அனுப்புனீங்க?”

“பின்ன கழுவாமயா அனுப்புவாங்க? நீ இல்லாம நான் என்னா பேஜாரு பட்டேன்னு ஒனக்குத் தெரியுமா? உப்பு தூக்கலா இருந்தாலும் ஒங்கையால வந்துச்சேன்னு தின்னேன்!”

இதை அவர் திட்டுகிற குரலில்தான் சொன்னார். அப்பாவுக்கு வேறு குரல் வராது. பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள். அம்மா கூடையை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு, “அண்ணன் பேரு பெருசாப் போட்டிருக்கீங்களா?” என்றாள். குரலில் இன்னும் சூடு இருந்தது.

அப்பா பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். மாமா கை நீட்டவில்லை. தட்டில் வைக்காமல் வெறுங்கையில் கொடுக்கும் பத்திரிகையை எந்த அண்ணன் வாங்குவார்? தட்டோ அவர்கள் வீட்டுச் சாமி முன்னால் விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. அத்தை அதைத் தொடக் கூடாது என்று கையைப் பிசைந்தாள். பவித்ராவின் அம்மா ஒரு பெருமூச்சு விட்டு உள்ளே போனார். தன் வீட்டு எவர்சில்வர் தட்டில் தன் வீட்டு வாழைப்பழத்தையும் தேங்காயையும் வெற்றிலையையும் வைத்துக் கொண்டு வந்து அப்பா கையில் கொடுத்தார். “இத வச்சுக் குடுங்கண்ணா. தேங்கா காலையில உரிச்சதுதான்.”

எதிர் வீட்டுக் கூடத்தில், எதிர் வீட்டுத் தட்டில், எதிர் வீட்டுத் தேங்காயோடு, அப்பா மாமாவை முறைப்படி அழைத்தார். மாமா கண்ணாடி போட்டுப் பார்த்தார். “கண்ணாடி வேணாம் போல இருக்கே” என்று கழற்றினார்.

அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு எங்களோடு வேனில் ஏறினாள். சமாதானமாகிவிட்டது என்று எழுதினால் அது செய்திப் பிழை. எந்த நாள் குழம்பில் உப்பு அதிகம் என்ற விவாதம் முடியவில்லை. வேன் புறப்பட வேண்டியிருந்தது. அம்மா பாதியில் விட்டுவிட்டு இறங்குகிற ஆள் கிடையாது. விழுப்புரம் வரை பேசினார்கள். கிரகப்பிரவேசத்தன்று ஹோமப் புகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும் பேசினார்கள். பால் பொங்கியது.

பவித்ராவை மீதி விடுமுறைக்குக் கண்டாச்சிபுரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அவள் அப்பா அம்மா மட்டும் வந்தார்கள். என்னை அவள் விரும்பினாளா என்று நான் கேட்கவே இல்லை. இப்போது ஓசூரில் இருக்கிறாள், ஒரு பெண் குழந்தை. அம்மாவோடு போனில் பேசுவாள். ஒருமுறை அம்மா என் முன்னாலேயே, ஸ்பீக்கரில், “ஏம்மா, அப்ப ஒனக்கு எம்புள்ள மேல ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டாள். பவித்ரா சொன்னாள்: “தெரியல அத்த. தெரிஞ்சுக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

பல வருடம் கழித்து, செஞ்சிப் பக்கம் எனக்கு நிஜமாகவே பெண் பார்க்கப் போனோம். தட்டு அம்மாவின் கையில். என்னைத் தொடவே விடவில்லை. பெண்ணின் அப்பா மரியாதைக்காக வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “இதுக்கு முன்னாடி வேற எடம் ஏதும் பாத்தீங்களா?”

இல்லை என்று ஒரு சொல் போதும். அப்பா யோசித்தார். அவருக்குப் பொய் வராது.

“ஒரே ஒரு எடம் பாத்தோம்” என்றார். “ஆனா, பாக்கப் போகல.”

அதற்குப் பிறகு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. வத்தக்குழம்பு வந்த இடத்தில் அம்மா உப்பு விஷயத்தை மறுத்தாள். அப்பா வலியுறுத்தினார். செஞ்சிக்காரர்களின் கூடத்தில் இருவரும் மும்முரமாக இறங்கிவிட்டார்கள். சம்பந்தம் போயிற்று என்று நான் செருப்பு எந்த மூலையில் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது யாரும் கூப்பிடாமலே, காபியும் இல்லாமல், உள் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் வெளியே வந்தாள்.

“அப்புறம் அந்தத் தட்டு என்னாச்சு?” என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது “எப்படி கல்யாணம் முடிவாச்சு?” என்று கேட்டால், என் மனைவி என்னைக் காட்டி, “இவரப் பாக்க நான் வெளிய வரல” என்றுதான் ஆரம்பிக்கிறாள்.